இயன் ஹோமை அறிய ஒரே ஒரு மாலை: எதைப் பார்ப்பது?

இயன் ஹோம் என்று பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்கு முகம் நினைவுக்கு வருவதில்லை. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையின் முதல் படத்தில், தன் 111-ஆவது பிறந்தநாள் விருந்தில் பேசிக்கொண்டே இருந்து, எல்லோர் கண்ணெதிரிலும் மறைந்துபோகும் பில்போ என்று சொன்னால், “ஓ, அவரா!” என்கிறார்கள். அந்தப் படம் வெளியான 2001-ஆம் ஆண்டில் அவர் நடிப்புத் தொழிலுக்கு வந்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன. குணச்சித்திர நடிகர்களுக்கு இது வழக்கமாக நேர்வதுதான். அவர்கள் ஏற்ற பாத்திரம் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது, நடித்தவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

நாடகக் குழு ஒன்றில் நடிப்புப் பயிலும் இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம், “ஹோமின் நடிப்பை அறிய ஒரே ஒரு மாலைதான் ஒதுக்க முடியும் என்றால் எதைப் பார்க்கட்டும், சார்?” என்று கேட்டார். ஒரு படத்தின் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் ஹோமைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி அவ்வளவு எளிதானதன்று. அவருடைய வாழ்க்கை மேடை என்றும் திரை என்றும் நடுவில் முறிந்து, பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒட்டிய ஒன்று. எந்தப் படைப்பில் தொடங்குகிறோமோ அந்தப் பாதியைத்தான் முதலில் காண்போம். மறுபாதி இருப்பதே தெரியாமல் போகவும் கூடும். ஆகவே ஐந்து படைப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது, எதை மறைத்துவிடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அதற்கு முன் அந்த முறிவைச் சொல்லியாக வேண்டும். 1931-இல் எசெக்ஸ் பகுதியில் குட்மேயஸ் என்ற ஊரில் பிறந்தவர் ஹோம். தந்தை மனநல மருத்துவர். ராடா எனப்படும் லண்டன் நாடகக் கல்லூரியில் பயின்று, 1954-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஈட்டி ஏந்தி நிற்கும் வசனமில்லாத வேடத்தில் தொடங்கினார். பத்து ஆண்டுகளுக்குள் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் மூன்றாம் ரிச்சர்டாகவும் ஐந்தாம் ஹென்றியாகவும் நடிக்கும் அளவுக்கு உயர்ந்தார். உயரம் குறைந்தவர், கணீரென்று முழங்கும் குரலும் இல்லாதவர் மன்னர் வேடங்களைத் தூக்கி நிறுத்தியது அந்நாளில் பெரிய செய்தி. பின்னர் 1976-இல் லண்டனின் ஆல்ட்விச் அரங்கில், யூஜின் ஓநீலின் ‘தி ஐஸ்மேன் கமத்’ நாடகத்தின் முன்னோட்டக் காட்சிகளின்போது, மேடை அச்சம் அவரைப் பிடித்தது. நடிக்க முடியாமல் உறைந்து, அந்த நாடகத்திலிருந்து விலகினார். அதன் பிறகு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் மேடையைப் பெரும்பாலும் தவிர்த்தே வாழ்ந்தார். இருபது ஆண்டுகள் மேடையில் ஊறிய ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. நாம் அறிந்த திரைநடிகர் ஹோம் அந்த இடைவெளியில்தான் உருவானார்.

முதல் தெரிவு ‘ஏலியன்’. ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் 1979-இல் வந்தது. எளிதில் கிடைக்கும், எவரையும் இருக்கையில் கட்டிப்போடும், மொழித் தடையும் குறைவு. ஹோம் ஏற்றது விண்கலத்தின் அறிவியல் அதிகாரி ஆஷ் என்ற பாத்திரம். படம் வெளிவந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் அவன் மனிதனல்லன், இயந்திரம் என்பதைச் சொல்லிவிடுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன். அந்த உண்மை வெளிப்பட்ட பிறகு படத்தை இரண்டாம் முறை பார்ப்பதில்தான் அவருடைய நடிப்பின் சுவை இருக்கிறது. கண்ணாடிக் கூண்டு போன்ற தன் இருக்கையில் அமர்வதற்கு முன், நின்ற இடத்திலேயே சில நொடிகள் ஓடுவதுபோலக் காலை அசைத்துக்கொள்வான். முதல் முறை பார்க்கும்போது உடம்பின் சோர்வைப் போக்கிக்கொள்கிறான் என்று தோன்றும். இரண்டாம் முறை, மனிதர்கள் செய்வதைப் பார்த்துப் பழகிக்கொண்ட ஒன்று அதைச் செய்துகாட்டுகிறது என்று புரியும்போது முதுகு சில்லிடும். சக பயணிகள் அஞ்சும் இடங்களில் அவன் முகத்தில் ஆர்வம் மட்டும் மெல்லத் தலைகாட்டும். ஆனாலும் ஒரே ஒரு மாலை என்றால் இந்தப் படத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். படம் விண்கலத்துக்குள் புகும் அரக்கனுடையது, அதை எதிர்த்து நிற்கும் நாயகி ரிப்ளியுடையது. பார்த்து எழுந்தபின் நம் பேச்சும் அவற்றைச் சுற்றியே இருக்கும். நடிகரை அறிய அமர்ந்தவர் படத்தை அறிந்துகொண்டு எழுந்துபோவார்.

‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ இந்த வகையில் சற்று மேலானது. ஹியூ ஹட்சன் இயக்கி 1981-இல் வந்த இந்தப் படம் 1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் ஓட்டக்காரர்களைப் பற்றியது. ஹெரால்டு ஏப்ரகாம்ஸ் என்ற ஓட்டக்காரரின் பயிற்சியாளர் சாம் முசாபினியாக ஹோம் வருகிறார். காட்சிகள் குறைவு. ஆனால் குணச்சித்திர நடிகரின் வேலை என்ன என்று கற்க விரும்புபவருக்கு அந்தச் சில காட்சிகளே பாடநூல். ஏப்ரகாம்ஸின் தவறு என்ன என்று விளக்க அவர் நாணயங்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைக்கிறார்; ஒவ்வொரு நாணயமும் ஓட்டத்தில் எடுத்து வைக்கும் ஒரு காலடி, ஓர் எட்டு. இன்னும் இரண்டு நாணயம் தர முடியுமா என்று மாணவனிடமே கேட்கிறார். அதாவது, வெற்றிக்கு அந்த இரண்டு எட்டுதான் குறைகிறது. காலை அளவுக்கு மீறி நீட்டி வைப்பது ஒவ்வொரு முறையும் முகத்தில் அறைவதற்குச் சமம் என்று சொல்லி, சொன்ன கையோடு அவன் கன்னத்தில் தட்டியும் காட்டுகிறார். அன்பும் கண்டிப்பும் ஒரே கையில் இருக்கின்றன.

உச்சம் வேறோர் இடத்தில் வருகிறது. தொழில்முறைப் பயிற்சியாளர் என்பதால் முசாபினி அரங்கத்துக்குள் இல்லை. அருகிலுள்ள விடுதி அறையில் தனியாக இருக்கிறார். ஓட்டத்தை அவரால் பார்க்க முடியவில்லை. சன்னல் வழியே பிரிட்டிஷ் கொடி ஏறுவது தெரிகிறது, நாட்டுப்பண் கேட்கிறது. அப்போதுதான் தன் மாணவன் வென்றுவிட்டான் என்று அவருக்குத் தெரிகிறது. கட்டிலில் உட்கார்ந்து, கையிலிருக்கும் வைக்கோல் தொப்பியை ஒரே குத்தில் கிழிக்கிறார். கொண்டாட ஆளில்லாத மகிழ்ச்சி அந்தக் குத்தில் வெளிவருகிறது. இந்த வேடத்துக்காக அவருக்கு பிரிட்டனின் திரை விருதான பாஃப்டா கிடைத்தது, கான் திரைப்பட விழாவில் துணை நடிகர் விருது கிடைத்தது, ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டார். ஆஸ்கரை வென்றவர் ஜான் கீல்குட். அவரும் இதே படத்தில் கேம்பிரிட்ஜ் கல்லூரித் தலைவராக நடித்தவர், ஆனால் விருது பெற்றது ‘ஆர்தர்’ என்ற வேறு படத்துக்காக. ஹோமின் திரைவாழ்வில் மிகச் செறிவான நிமிடங்கள் இவை என்பதே என் எண்ணம். குறை ஒன்றுதான்: நிமிடங்களாகவே இருக்கின்றன. இரண்டு மணி நேரப் படத்தில் அவரைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் குறையைத் தீர்ப்பது ‘தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்’. கனடிய இயக்குநர் ஆட்டம் எகோயன் 1997-இல் எடுத்த படம். அரிதாகவே வாய்த்த நாயக வேடம் இதில் ஹோமுக்குக் கிடைத்தது. அவருக்கு அப்போது வயது 65. பள்ளிப் பேருந்து பனியுறைந்த ஏரியில் விழுந்து பிள்ளைகள் இறந்துபோன ஒரு சிற்றூருக்கு, இழப்பீட்டு வழக்குத் தொடுக்கப் பெற்றோர்களை ஒன்றுதிரட்ட வருகிறார் வழக்கறிஞர் மிட்செல் ஸ்டீவன்ஸ். அவருடைய சொந்த மகளோ போதைக்கு அடிமையாகி, எங்கெங்கோ இருந்து தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்கிறாள். விமானத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்த பெண்ணிடம், அந்த மகள் குழந்தையாக இருந்தபோது சிலந்திக் கடியால் தொண்டை வீங்கியதைச் சொல்கிறார்: மருத்துவமனை போய்ச் சேரும் வரை குழந்தையை மடியில் வைத்துத் தாலாட்டுப் பாடிக்கொண்டே, மூச்சு நின்றால் தொண்டையை அறுத்துத் திறப்பதற்காக இன்னொரு கையில் கத்தியைத் தயாராகப் பிடித்திருந்த கதை. ஹோம் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்துவதில்லை, கண்ணைத் துடைப்பதில்லை. வழக்கு விவரம் சொல்லும் அதே குரலில்தான் சொல்கிறார். கேட்பவர்களாகிய நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

திரைநடிகர் ஹோமை மட்டும் அறிந்தால் போதும் என்பவருக்கு ஐயமின்றி இதையே கைகாட்டுவேன். படம் முழுவதும் அவர் இருக்கிறார், காமிரா அவர் முகத்தை நம்பி நிற்கிறது, வசனமும் இன்றைய ஆங்கிலம். என்னைத் தயங்க வைப்பது கேட்டவர் நாடகக்காரர் என்பதுதான். மேடை அவருக்குக் கற்றுக்கொடுத்தது இதில் வேராக இருக்கிறதே ஒழிய, வெளியே தெரியும்படி இல்லை.

மேடைக்கு அவர் திரும்பியது 1993-இல், லண்டனின் ஆல்மெய்டா அரங்கில், பிரிட்டிஷ் நாடகாசிரியர் ஹரால்டு பின்டரின் ‘மூன்லைட்’ நாடகத்தில் மரணப் படுக்கையில் கிடக்கும் ஆண்டியாக. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 1997-இல், நேஷனல் தியேட்டரின் மூன்று அரங்குகளில் மிகச் சிறியதான காட்டஸ்லோவில் ரிச்சர்ட் அயர் இயக்கிய, ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ அரங்கேறியது. அதே தயாரிப்பு 1998-இல் பிபிசி தொலைக்காட்சிக்காகப் படமாக்கப்பட்டது. நாம் பார்க்கக்கூடியது அதைத்தான். மேடை லியருக்காக அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஒலிவியர் விருது, லண்டன் நாடக உலகின் பெரிய விருது, கிடைத்தது. சர் பட்டம் பெற்றதும் அதே 1998-இல்தான்.

லியர் வேடத்தில் பெரும்பாலோர் மலை இடிந்து விழுவதுபோல விழுவார்கள். ஹோமின் லியர் மலையல்லர். வீட்டில் எல்லோரையும் நடுங்க வைத்துப் பழகிய ஒரு சிறிய, கடுகடுத்த கிழவர். மகள்கள் அவரைப் பார்க்கும் பார்வையில் பல ஆண்டு அச்சம் தெரிகிறது. தந்தை மீதுள்ள அன்பைச் சொல்லக் கேட்டபோது இளைய மகள் கார்டீலியா சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னதும் எழும் அவருடைய கோபம், அரசியல் சினம் என்பதைவிட, சாப்பாட்டு மேசையில் அப்பாவின் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்த எவரும் அடையாளம் கண்டுகொள்ளும் கோபம். புயல் காட்சியில் ஆடை அனைத்தையும் களைந்துவிட்டு, நனைந்து நடுங்கும் வெற்றுடம்பாக நிற்கிறார். முதுமையின் தோலும் எலும்பும் அப்படியே தெரிகின்றன. மேடைக்கு அஞ்சி ஓடிய ஒரு மனிதர் 65 வயதில், சில நூறு பேர் கைக்கெட்டும் தொலைவில் அமர்ந்திருக்கும் அரங்கில், இரவு தோறும் அப்படி நின்றார் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பாருங்கள்.

அப்படியானால் லியரையே சொல்லிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இரண்டு காரணங்களால் மனத்தை மாற்றிக்கொண்டேன். ஒன்று, சிறிய காரணம்: இரண்டரை மணி நேரம் ஓடும், ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலம், கதையை முன்பே படித்துக்கொள்ளாமல் உட்கார்ந்தால் வசன வரிகளைத் துரத்துவதிலேயே மாலை போய்விடும். மற்றது முக்கியமானது. ஹோமின் கலை அடக்கி வைப்பதில் இருக்கிறது. ஆஷ் தான் யார் என்பதை அடக்கி வைக்கிறான், முசாபினி ஆசையை அடக்கி வைக்கிறார், ஸ்டீவன்ஸ் துயரத்தை. லியர் எதையும் அடக்கத் தெரியாத மனிதர். அடக்கி வைத்தே நாற்பது ஆண்டுகள் நடித்த ஒருவர் கடைசியில் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுகிறார் என்பதுதான் அந்த நடிப்பின் பேராற்றல். முன்னதைப் பார்க்காதவருக்குப் பின்னதன் விலை தெரியாது. லியரை இரண்டாவது மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்; முதல் மாலைக்கு வேண்டாம்.

எஞ்சியிருப்பது ‘தி ஹோம்கமிங்’. என் தெரிவு இதுவே.

பின்டரின் இந்த நாடகத்தை 1965-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக ஆல்ட்விச் அரங்கில் பீட்டர் ஹால் இயக்கினார். நடு மகன் லென்னி வேடம் ஹோமுக்கு. நாடகம் நியூயார்க் சென்றபோது அந்த வேடத்துக்காக 1967-இல் அவருக்கு அமெரிக்க நாடக விருதான டோனி கிடைத்தது. 1973-இல் அதே பீட்டர் ஹால் அதைப் படமாக்கினார். தந்தை மேக்ஸாக பால் ரோஜர்ஸ், ரூத்தாக விவியன் மெர்ச்சன்ட், இளைய மகன் ஜோயியாக டெரன்ஸ் ரிக்பி என மேடையில் நடித்தவர்கள் பெரும்பாலும் அப்படியே திரையிலும் வந்தார்கள். மேடை அச்சம் தாக்குவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், மேடை நடிகராக முழு வலிமையோடு இருந்த ஹோமை, அவர் உருவாக்கிய வேடத்திலேயே, காமிரா ஒரு சாண் தொலைவிலிருந்து பார்க்கக் கிடைத்த வாய்ப்பு அது. மேடையும் திரையும் அவருடைய வாழ்வில் இவ்வளவு நெருங்கிய இடம் வேறில்லை என்பேன். 1960-களின் ஹோமைக் காட்டும் பதிவுகள் வேறும் உண்டு. மூன்றாம் ரிச்சர்டாக அவர் நடித்த ‘தி வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்’ வரிசையை பிபிசி 1965-இல் ஒளிபரப்பியது. ஆனால் வரலாற்று நாடகங்களின் அந்த நீண்ட வரிசை ஒரு மாலைக்குள் அடங்காது.

நடப்பது வடக்கு லண்டனில் ஒரு பழைய வீட்டில். மனைவியை இழந்த தந்தை, திருமணமாகாத சித்தப்பா, இரண்டு மகன்கள், எல்லோரும் ஆண்கள். அமெரிக்காவில் தத்துவப் பேராசிரியராக இருக்கும் மூத்த மகன் டெடி, குடும்பத்தார் பார்த்திராத தன் மனைவி ரூத்தை அழைத்துக்கொண்டு இரவில் வந்து சேர்கிறான். தொடக்கக் காட்சியிலேயே ஹோமைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இருக்கிறது. லென்னி நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறான். தந்தை உள்ளே வந்து இழுப்பறையைக் குடைந்து, கத்தரிக்கோலை எங்கே வைத்தாய் என்று கேட்கிறார். மகன் தலை நிமிரவில்லை. தந்தை மறுபடி பேசுகிறார், அதட்டுகிறார், பழம்பெருமை சொல்கிறார். மகன் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே அவரை வாயடைக்கச் சொல்கிறான். பால் ரோஜர்ஸ் உடம்பு முழுவதையும் வைத்து நடிக்கிறார். ஹோம் செய்வது நாளிதழைப் பார்ப்பது மட்டும்தான். ஆனால் அந்த அறையில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில் ஒரு குழந்தைக்குக்கூட ஐயம் வராது. நடிப்புப் பயிலும் இளைஞரிடம் இந்தச் சில நிமிடங்களை மட்டும் நான்கைந்து முறை திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வேன்.

அடுத்து, தண்ணீர்க் குவளைக் காட்சி. நள்ளிரவு; ரூத்தும் லென்னியும் தனியே இருக்கிறார்கள். பெண்களைத் தான் எப்படி அடித்தான் என்று இரண்டு கதைகளை, வானிலை பற்றிப் பேசுவதுபோல இனிமையாகச் சொல்கிறான் லென்னி. அவள் அசையவில்லை. பின்னர் அவள் முன்னிருக்கும் குவளையை எடுத்து வைக்கப் பார்க்கிறான். இன்னும் குடித்து முடிக்கவில்லை என்கிறாள். குவளையை எடுத்தால் உன்னை எடுத்துக்கொள்வேன் என்கிற பொருளில் அவள் ஒரு வரி சொன்னதும், ஹோமின் முகத்தில் நிகழ்வதை எழுத்தில் கொண்டுவருவது கடினம். சிரிப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் அதைத் தாங்கியிருந்த எதுவோ விலகிவிடுகிறது. அவள் தண்ணீரைக் குடித்துவிட்டு மாடிக்குப் போன பிறகுதான் அவன் குரல் உயர்கிறது. அதுவும் ஆளில்லாத படிக்கட்டைப் பார்த்து. பின்டர் தன் பிரதியில் ‘இடைநிறுத்தம்’, ‘மௌனம்’ என்று தனித்தனியாகக் குறித்து வைப்பவர். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு என்ன என்று கேட்டால், ஹோமின் கண்ணைப் பாருங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இந்தத் தெரிவின் குறைகளையும் மறைக்கக் கூடாது. படம் பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. காட்சியழகை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். லென்னியின் லண்டன் பேச்சு விரைவானது, வசன வரிகள் இல்லாமல் பார்க்க வேண்டாம். கதை போகும் திசை பலருக்கு அருவருப்பூட்டும். அந்த வீட்டு ஆண்கள் ரூத்தைப் பற்றிப் பேசும் பேச்சைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்க முடியாது. தனியாகவோ, நாடகத்தில் ஈடுபாடுள்ள நண்பர்களோடோ பார்ப்பதே நல்லது. அப்படிப்பட்ட சூழல் அமையாதவர், அல்லது மேடையில் தனி நாட்டம் இல்லாதவர், ‘தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்’ படத்துக்குப் போகலாம். அதனால் அவருக்கு நட்டம் ஒன்றுமில்லை. பதின்பருவப் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ போதும். அந்த நாணயங்களை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

இரண்டாவது மாலை வாய்த்தால் லியரைப் பாருங்கள் என்றேன் அல்லவா, அப்போது விதூஷகனாக வரும் முதியவரையும் கவனியுங்கள். அவர் மைக்கேல் பிரையன்ட். 1965-இல் ஆல்ட்விச் மேடையில் லென்னியின் அண்ணன் டெடியாக நடித்தவர் அவர்தான். படத்தில் அந்த வேடத்தை வேறொருவர் ஏற்றார். 32 ஆண்டுகள் கழித்து அதே இருவரும், ஒருவர் மன்னராகவும் மற்றவர் அவருடைய விதூஷகனாகவும், புயலில் ஒன்றாக நிற்கிறார்கள்.

இளைஞரிடம் ‘தி ஹோம்கமிங்’ என்று சொல்லி அனுப்பும்போது இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொன்னேன். 2001-இல், பில்போவாக அவர் உலகெங்கும் அறிமுகமான அதே ஆண்டில், டப்ளினின் கேட் தியேட்டர் இந்த நாடகத்தை மீண்டும் மேடையேற்றியது. 69 வயது ஹோம் அதில் தந்தை மேக்ஸாக நடித்தார். நாளிதழிலிருந்து தலை நிமிராதிருந்த அதே மனிதர் 36 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அறைக்குள் வந்து, இழுப்பறையைக் குடைந்து, கத்தரிக்கோலை எங்கே வைத்தாய் என்று கேட்டார். வேறோர் இளைய லென்னி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.